பாதயாத்திரைக்கு ஒரு மருந்துப் பை



புரட்டாசியில் ஓரிக்கையிலிருந்து நடந்தே திருப்பதி போகப் போகிறீர்களா? வழி நூறு கிலோமீட்டருக்கு மேல். தறிக்குழியில் உட்கார்ந்தே பழகிய கால் முதல் நாளே கொப்புளம் கண்டுவிடும். "நடக்க நடக்க சரியாப் போயிடும்" என்று இருந்துவிடாதீர்கள். மஞ்சள் பையில் இவற்றை எடுத்து வையுங்கள். கனம் அரைக் கிலோ கூட இராது.

1. துவைத்து வெயிலில் காய வைத்த பழைய வேட்டித் துணிப் பட்டைகள், ஒரு சோப்புத் துண்டு. கொப்புளத்தை ஊசியால் குத்தக் கூடாது. கழுவி, துடைத்து, துணி சுற்றினால் போதும்.

2. உப்பு-சர்க்கரைப் பொட்டலம் நான்கு. வயிற்றுப்போக்கு கண்டால் ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைத்து அடிக்கடி குடிக்கவும். மறுநாளைக்கு வைக்க வேண்டாம்.

3. காய்ச்சலுக்கு பாரசிட்டமால் பத்து.

4. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள், இரண்டு நாளைக்குக் கூடுதலாக.

5. தாய்மார்களே, மாலா-என் அட்டை! ஒரு நாள் தவறினால் நினைவு வந்ததும் சாப்பிடுங்கள். அன்றைய மாத்திரையையும் வழக்கமான நேரத்தில் சாப்பிடுங்கள்.

சர்க்கரை நோயாளி வெறுங்காலோடு நடக்கவே கூடாது. சுரணை குறைந்த காலில் முள் தைத்தாலும் தெரியாது. புண் முற்றினால் காலையே எடுக்க நேரிடும். "வேண்டுதலாச்சே" என்று தயங்காமல் செருப்பு போடச் சொல்லுங்கள்.

பாம்பு கடித்தால் கீறவோ, இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல் 108-ஐ அழையுங்கள்.

கர்ப்பிணிகள் கிராம சுகாதார செவிலியரைக் கேட்ட பிறகே புறப்படுங்கள்.

போன கால் நலமாகத் திரும்பட்டும்!