நாவலடியைத் துருவக் கடலில் விழவிடாமல்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையை அடுத்த நாட்களில், காணாமற்போனோரையும் முகாம்களில் தங்கியோரையும் பதிவதற்காக இலங்கை மென்பொருளாளர்கள் தன்னார்வமாக எழுதிய மென்பொருள் சகானா. அத்தகைய பதிவேட்டை இன்று மட்டக்களப்பு வாவிக்கரைக்குப் பைத்தனில் எழுதுவோர் அதிகம் அஞ்சவேண்டியது, நிரலை நிறுத்தாமலே தரவைக் கெடுக்கும் பிழைக்குத்தான். அக்கரையிலுள்ள நாவலடி ஏறத்தாழ 7.7 வட அகலாங்கிலும் 81.7 கிழக்கு நெட்டாங்கிலும் இருக்கிறது. சார்புக்குக் கொடுக்கும்போது இவ்விரண்டும் இடம்மாறினால் அங்குள்ள முகாம் ஆர்க்டிக் கடலில் பதிவாகும். நிரலோ முறைப்பாடின்றி ஓடும்.

இதைத் தடுக்க, முதலில் சார்புகளுக்கு வகைக் குறிப்பு எழுதுங்கள். பைத்தன் ஓடும்போது அக்குறிப்புகளைச் சோதிப்பதில்லை. நிரலை ஓட்டாமலே வாசித்துப் பொருந்தாதவற்றைச் சொல்வது மைபை போன்ற கருவி. குறிப்பே இல்லாத சார்பின் உள்ளே மைபை வழமையாகப் பார்ப்பதில்லை என்பதால் ஸ்ட்ரிக்ட் தெரிவுடன் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் 'பிழை இல்லை' என்ற விடைக்குப் பெறுமதியில்லை. தொலைபேசி இலக்கம் சரமாகவே இருக்கட்டும்: 065 என்று தொடங்கும் மட்டக்களப்பு இலக்கம் எண்ணாக மாறினால் முன்னுள்ள பூச்சியம் போய்விடும். பழைய தேசிய அடையாள அட்டையில் 9 இலக்கங்களோடு ஓர் எழுத்தும் உண்டு, அதுவும் சரந்தான். அகலாங்கும் நெட்டாங்கும் இரண்டுமே தசம எண்களாக இருக்கும்வரை மைபைக்கு அவை ஒன்றுதான். பைத்தனின் நியூடைப் வசதியைக் கொண்டு இரண்டுக்கும் தனித்தனி வகை அமையுங்கள். அதன்பின் இடம்மாற்றிக் கொடுக்கும் ஒவ்வொரு வரியையும் கருவி காட்டிக்கொடுக்கும்.

சோதனை நிரல்கள் போதாதா என்று கேட்பார்கள். அவை எழுதியவர் நினைத்துப் பார்த்த மதிப்புகளை மட்டுமே ஓட்டும்; வகை ஆய்வு எவரும் நினையாத அழைப்பையும் வாசிக்கும். அவசரத்தில் இதற்கு நேரமேது என்பதும் நியாயமான கேள்வி. ஆனால் ஒருவரையொருவர் அறியாத பலர் ஒரே நிரலில் கைவைப்பது அவசரத்தில்தான். அப்போது மற்றவர் எழுதிய சார்பு எதை எதிர்பார்க்கிறது என்பதைக் குறிப்பே சொல்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் குறிக்கவும் வேண்டாம். இடத்தையும் அடையாளத்தையும் கையாளும் சார்புகளில் தொடங்கலாம்.

வலுவான ஆட்சேபம் வேறொன்று: வெளியிலிருந்து ஜேசன் வடிவில் வரும் தரவின் வகை மைபைக்குத் தெரியாது, எதையும் ஏற்றுக்கொள்ளும். உண்மை. எனவே தரவு நுழையும் இடத்தில் எல்லையைச் சோதிக்கும் ஒரு சார்பை நீங்களே எழுதவேண்டும். இலங்கைக்கு அகலாங்கு 5 முதல் 10 வரை, நெட்டாங்கு 79 முதல் 82 வரை என்று வைத்தால் போதும். இவ்வெல்லைகள் ஒன்றையொன்று தொடாததால் மாறிய சோடி தப்பாது. அகலாங்கு, நெட்டாங்கு வகைகளை அந்தச் சார்பு மட்டுமே உருவாக்கலாம் என்று விதித்து, வேறெங்கும் உருவாக்கும் வரிகளை நிரல் மீளாய்வில் திருப்பி அனுப்புங்கள்.