மடிக்கணினியும் மருத்துவ நெறியும்

மனிதன் ஆக்கிய கருவிகள் யாவும் ஒருநாள் பழுதுறும் இயல்பின. ஏர் தேயும், ஏற்றம் முறியும், கடிகாரம் நின்றுவிடும். பழுதுற்ற கருவியை வைது ஒதுக்குவாரும் உளர். பழுதின் காரணத்தை நாடிக் காண்பாரும் உளர். இவருள் பின்னவரே பயன் பெறுவர்.

1947-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் 2 என்னும் பெருங்கணினி பிழைபட இயங்கியது. அதனை இயக்கியோர் உறுப்புகளை ஆராய்ந்து சென்று, மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ‘ரிலே’ ஒன்றனுள் அந்துப்பூச்சி சிக்கிக் கிடப்பதைக் கண்டனர். அப்பூச்சியை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, கண்டதை எழுதியும் வைத்தனர். அவ்வேடு வாஷிங்டன் நகரத்து அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் பேணப்படுகிறது. நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டும் என்பது ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் நெறி. உடலுக்கு உரைத்த அந்நெறி கணினிக்கும் பொருந்துவதை ஒரு நிகழ்ச்சியால் அறியலாம்.

சிற்றூர் ஒன்றில் பதினோராம் வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தி இருந்தாள். அவள் தமையன் கல்லூரியில் பயின்றபோது வாங்கிய மடிக்கணினி, எட்டு ஆண்டுகளுக்குப் பின் அவள் கைக்கு வந்தது. தன் பாட்டி பாடிய தாலாட்டுகளையும் நடவுப் பாடல்களையும் அவள் ஒலிப்பதிவு செய்து அதில் சேர்த்து வைத்திருந்தாள். பாட்டி மறைந்து ஓராண்டு கழிந்தது. அந்நாளில் கணினியும் நோயுற்றது. பொத்தானை அழுத்தினால், பணிக்கு ஆயத்தமாக ஏழு நிமிடம் ஆகும். ஆயத்தமான பின்னரும் திடீரென அணைந்துவிடும்.

கேட்டவர் அனைவரும் மருந்து கூறினர். “வைரஸ் புகுந்திருக்கும்” என்றார் ஒருவர். “பழையதை எறிந்துவிட்டுப் புதியது வாங்கு” என்றார் மற்றொருவர். “உள்ளிருப்பன யாவற்றையும் அழித்துவிட்டு, விண்டோசைப் புதிதாக நிறுவினால் சரியாகும்” என்றார் மூன்றாமவர். நோய் இன்னதென எவரும் நோக்கினாரல்லர்.

மாணவி தன் பள்ளியின் கணினி ஆசிரியையிடம் சென்று முறையிட்டாள். அவர் கணினியைத் தொடுமுன் ஒரு வினா எழுப்பினார்: “குழந்தாய், பாட்டியின் பாடல்களுக்கு வேறெங்கேனும் படி உண்டா?”

“இல்லை, அம்மா.”

“அப்படியாயின் முதல் வேலை அதுவே. கணினி போனால் வேறொன்று வாங்கலாம். பாட்டியின் குரலை எந்தக் கடையில் வாங்குவாய்?”

கணினி குளிர்ந்திருக்கும் காலைப் பொழுதில் மாணவி அப்பாடல்களைப் படியெடுக்கத் தொடங்கினாள். இடையில் இருமுறை கணினி அணைந்தது. எனினும் மூன்றாம் நாள் அப்பணி முற்றியது. ஒரு படி பென் டிரைவிலும், மற்றொரு படி தமையனின் கணினியிலும் சேர்ந்தன. பாடல்களை இயக்கிக் கேட்டுப் பார்த்து, அவை பழுதின்றி இருப்பதையும் அவள் உறுதி செய்துகொண்டாள்.

அதன்பின் ஆசிரியை குறிப்பேடு ஒன்றைக் கொடுத்து, நிகழ்வனவற்றை அவ்வப்போது எழுதி வரச் சொன்னார். ஒரு வாரத்தில் உண்மை சிறிது சிறிதாக வெளிப்பட்டது. தொடங்கும்போதெல்லாம் கணினி ஒரே வகையாகத் தாமதித்தது. அணைவதோ அவ்வாறன்று. மெத்தைமீது வைத்தால் இருபது நிமிடத்தில் அணைந்தது. மேசைமீது வைத்தால் ஒரு மணி நேரம் தாங்கியது. அணையுமுன் விசிறி பேரிரைச்சல் எழுப்பியது. அடிப்புறம் கை வைக்க இயலாதவாறு சுட்டது. திரையில் எச்சரிக்கை எதுவும் தோன்றவில்லை. ஒரு நோய் என்று எண்ணியவை இரு நோய்கள் என்பது புலனாயிற்று.

முதற்கண் தாமதத்தின் காரணம் ஆராயப்பட்டது. ‘டாஸ்க் மேனேஜர்’ என்னும் பகுதியைத் திறந்து நோக்கியபோது, கணினி விழிக்கும்பொழுதே ஒன்பது செயலிகள் அழையா விருந்தினர்போல் உடன் எழுவது தெரிந்தது. வேண்டாத ஏழனைத் தொடக்கத்தில் எழாதவாறு நிறுத்தினர். ஏழு நிமிடம் ஐந்தாகக் குறைந்தது. எனினும் நோய் முற்றும் தீரவில்லை. வன்தட்டோ ஓய்வின்றி உழைத்தவண்ணமே இருந்தது.

அவ்வன்தட்டு நிமிடத்திற்கு 5400 முறை சுழலும் வகையைச் சேர்ந்தது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிசெகண்டு ஆகும். சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தொடக்கத்தில் படித்தல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் படிக்கும் முனை இடம் பெயர்ந்து, தட்டு சுழன்று வரும்வரை காத்திருக்கிறது. சிறுதுளி பெருவெள்ளமாதல்போல, அக்காத்திருத்தல் நிமிடங்களாகப் பெருகும். மேலும், வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஆற்றலுடையது. அக்குறிப்பைப் பார்த்தபோது, தட்டின் சில இடங்கள் கெட்டுவிட்டமையும் தெரிந்தது. எனவே, சுழலும் உறுப்பில்லாத ‘எஸ்.எஸ்.டி.’ என்னும் சேமிப்பகத்தை அதனிடத்தில் பொருத்தினர். கணினி அரை நிமிடத்தில் ஆயத்தமாயிற்று.

எனினும் அது திடீரென அணைவது நிற்கவில்லை. நினைவகம் பழுதுற்றாலும் கணினி நின்றுபோதல் உண்டு. ஆதலின் விண்டோசிலேயே உள்ள நினைவகச் சோதனையை இயக்கினர். குறை எதுவும் காணப்படவில்லை. எஞ்சியது வெப்பம். கணினியின் செயலகம் 100 பாகை செல்சியசை நெருங்குமாயின், முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாதாயின், எரிந்து அழியாதவாறு கணினி தானே அணைந்துவிடும். அணைதல் நோயன்று, நோயினின்று தன்னைக் காக்கும் செயலேயாம்.

பழுது பார்ப்பவர் மின்தொடர்பைத் துண்டித்து, மின்கலத்தைக் கழற்றிய பின் அடிமூடியைத் திறந்தார். விசிறிக்கும் வெப்பத்தை வெளியேற்றும் தகடுகளுக்கும் இடையே, எட்டு ஆண்டுத் தூசி கம்பளம்போல் படிந்திருந்தது. செயலகத்தின்மீது பூசிய வெப்பங்கடத்தும் பசையும் உலர்ந்து வெடித்திருந்தது. தூசியை அகற்றிப் புதிய பசை இட்ட பின், கணினி நாள் முழுதும் அணையாமல் இயங்கியது.

ஒவ்வொரு முறையும் ஒரு மாற்றமே செய்யப்பட்டது. அதன் பயனும் ஏட்டில் எழுதப்பட்டது. பலவற்றை ஒருங்கே மாற்றியிருப்பின், எம்மருந்து எந்நோயைத் தீர்த்தது என்பது எவர்க்கும் விளங்கியிராது.

ஒரு திங்கள் கழிந்தது. எடுத்து வைத்த பழைய வன்தட்டை மாணவி தமையனின் கணினியோடு இணைத்துப் பார்த்தாள். அது இருமுறை ‘டிக், டிக்’ என ஒலித்து ஓய்ந்தது, பின்னர்த் திறக்கவேயில்லை. அவள் சிறிது நேரம் அதனை நோக்கியிருந்தாள். பின்பு தன் மடிக்கணினியைத் திறந்து, பாட்டியின் தாலாட்டை ஒலிக்கச் செய்தாள். குரல் தெளிவாக எழுந்தது.

பழுது நேர்ந்தவழிப் பதறுதல் எளிது. பொறுத்து ஆராய்தல் அரிது. எனினும், போனால் மீளாத பொருளை முதலில் காத்து, காரணத்தைப் பின்னர் நாடி, மருந்தை இறுதியில் இடுவார்க்குக் கருவியும் நிலைக்கும். கருவியினும் அரியனவும் நிலைக்கும்.

வினாக்கள்

1. மார்க் 2 கணினியை இயக்கியோர் செய்த செயலால் அறியப்படும் நெறி யாது?
2. ஒரு நோய் என்று எண்ணியவை இரு நோய்கள் என்பது எவ்வாறு புலனாயிற்று?
3. வன்தட்டு கணினியின் தொடக்கத்தைத் தாமதப்படுத்தியது எங்ஙனம்?
4. மூன்றாமவர் கூறிய மருந்தை மாணவி உடனே மேற்கொண்டிருப்பின் நேர்ந்திருக்கக் கூடியது யாது? விளக்குக.