டெஸ்டுக்கே ஒரு டெஸ்ட்!



ஜாவா லேபில் புரோகிராம் எழுதுகிறோம், அதற்கு டெஸ்டும் எழுதுகிறோம். எல்லாம் பாஸ் என்று வந்தால் ரெக்கார்டு நோட்டை மூடிவிடுகிறோம். ஆனால் அந்த டெஸ்ட் சரியானதுதானா என்று யார் பார்ப்பது? அதைப் பார்க்கும் வழிதான் மியூட்டேஷன் டெஸ்டிங்.

ரிச்சர்ட் லிப்டன் 1971-ல் மாணவராக இருந்தபோது எழுதிய கட்டுரையில் பிறந்த யோசனை இது. 1978-ல் டிமில்லோ, லிப்டன், சேவார்டு மூவரும் இதை விரிவாக வெளியிட்டார்கள். பிலானியில் பிட்ஸ் கல்வி நிறுவனத்தில் படித்து, அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகப் பேராசிரியரான ஆதித்ய மாத்தூரும் இத்துறையில் உழைத்தவர்.

முறை எளிது. சரியாக ஓடும் புரோகிராமைக் காப்பி எடுத்து, வேண்டுமென்றே ஒரே ஒரு சின்ன மாற்றம் செய்யணும். அதற்குப் பெயர் மியூட்டன்ட். பழைய டெஸ்டையே அதன்மேல் ஓட்டணும். டெஸ்ட் ஃபெயில் ஆனால் மியூட்டன்ட் செத்தது, நம்ம டெஸ்ட் கெட்டி. பாஸ் ஆனால் மியூட்டன்ட் பிழைத்துக்கொண்டது, டெஸ்டில் ஓட்டை இருக்கு!

தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் வந்தது. நம்ம இரும்பைப் பக்கத்து பஸ்ஸுக்கு டிக்கெட் புரோகிராம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 'டிக்கெட்' என்பது தாய் கிளாஸ். அதன் கன்ஸ்ட்ரக்டர் 'திஸ்.தொகை = தொகை' என்று 10 ரூபாயை வாங்கி வைக்கும். 'கட்டணம்' என்ற மெத்தட் அதைத் திருப்பித் தரும். 'மகளிர் டிக்கெட்' என்பது சேய் கிளாஸ். அது அதே மெத்தடை ஓவர்ரைடு செய்து 0 தரும்.

முதல் மியூட்டன்ட்: சேய் கிளாஸில் உள்ள மெத்தடை நீக்குகிறோம். உடனே தாயின் மெத்தட் வேலை செய்து, நம்ம அம்மாவிடம் 10 ரூபாய் கேட்கும். ஆண் பயணியை மட்டும் சோதிக்கும் டெஸ்டுக்கு இது தெரியவே தெரியாது.

இரண்டாவது மியூட்டன்ட்: கன்ஸ்ட்ரக்டரில் 'திஸ்' என்பதை எடுத்துவிடுகிறோம். 'தொகை = தொகை' ஆகிவிடும்; கம்பைலரும் அனுமதிக்கும். உள்ளே இருக்கும் தொகை 0 ஆகவே நிற்கும். மகளிர் டிக்கெட்டை மட்டும் சோதித்தால் 0-க்கு 0 சரியாக இருக்கும், டெஸ்ட் பாஸ்! ஆண் பயணிக்கு 10 வருதா என்று பார்த்தால்தான் பிடிபடும்.

ஆக, இரண்டு டெஸ்டும் வேணும். கூட்டல், கழித்தல் குறிகளை மட்டும் மாற்றிப் பார்த்தால் இது விளங்காது. இன்ஹெரிட்டன்ஸ், ஓவர்ரைடிங் போன்றவற்றுக்கென்றே மாற்றங்கள் வேண்டும். மா, ஆஃபட், குவோன் ஆகியோர் 2005-ல் வெளியிட்ட மியூஜாவா இதைச் செய்யும் கருவி.

செத்த மியூட்டன்ட்களை மொத்தத்தால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் மதிப்பெண் வரும். மாற்றியும் விடை மாறாத மியூட்டன்ட்கள் உண்டு. அவற்றை மொத்தத்திலிருந்து கழிக்கணும். சிரமமும் உண்டு: 1000 மியூட்டன்ட், ஒவ்வொன்றுக்கும் 2 விநாடி என்றால் 33 நிமிஷம் ஆகும்.

கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. புராஜெக்ட் ஒப்படைக்கும் முன் ஐந்து வரியைக் கையாலேயே மாற்றி, டெஸ்டை ஓட்டிப் பாருங்கள். பாஸ் ஆகிற டெஸ்டைவிட, ஃபெயில் ஆக வேண்டிய இடத்தில் ஃபெயில் ஆகிற டெஸ்ட்தான் நமக்குத் துணை!