காட்டுக்கோழியிடம் இல்லாத வைரஸ்

கேள்வி: மனித டி.என்.ஏ.வுக்குள் பழங்கால வைரஸ் இருக்கிறதாமே, எப்படி வந்தது? புற்றுநோய்க் கட்டியில் அது விழித்துக்கொள்ளும் என்பது நிஜமா?
– ஒரு வாசகர், சித்திரபுரம்

பதில்: உங்கள் ஊர்ப்பக்கம் விடியலில் கூவும் சாம்பல் காட்டுக்கோழிக்கும் இந்தக் கேள்விக்கும் சம்பந்தம் உண்டு.

1960களின் கடைசியில், நோயே இல்லாத கோழிகளின் செல்களில் வைரஸ் புரதம் இருப்பதை ராபின் வைஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் கவனித்தார். அது தொற்றியதல்ல, தாய் தந்தையிடமிருந்து குஞ்சுக்குப் பரம்பரையாக இறங்கியது. சொன்னபோது பலர் நம்பவில்லை. மனிதர் விடவில்லை. மலேசியக் காட்டுக்கே போய், வீட்டுக்கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழியைப் பிடித்துப் பார்த்தார். அதிலும் இருந்தது! ஆனால் நெருங்கிய பங்காளியான உங்கள் சாம்பல் கோழியில் இல்லை என்று 1979இல் தெரிந்தது. அப்படியானால், இரண்டு கிளைகளும் பிரிந்த பிறகுதான் அந்த வைரஸ் சிவப்புக் கோழிக்குள் புகுந்திருக்கிறது. யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று பார்த்தே புகுந்த காலத்தைக் கணிக்கிறார்கள்.

புகும் வழி இதுதான். ரெட்ரோவைரஸ் (எச்.ஐ.வி.யும் இந்த இனம்தான்) தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, செல்லின் டி.என்.ஏ.விலேயே செருகிவிடும். அந்தச் செல் கருமுட்டையாகவோ விந்தணுவாகவோ அமைந்தால், அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேரும். ஆஸ்திரேலியக் கோவாலாக்களில் இன்றும் இது நடக்கிறது. நம் டி.என்.ஏ.வில் சுமார் 8 சதவீதம் இப்படி வந்தது. புரதம் செய்யும் பகுதியோ 2 சதவீதம்கூட இல்லை!

அவற்றில் பெரும்பாலானவை சிதைந்து கிடக்கின்றன. மிச்சத்துக்குச் செல் மீத்தைல் என்ற வேதிக் குறியால் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது. ஒன்றிரண்டை வேலைக்கும் வைத்துக்கொண்டது: நஞ்சுக்கொடியின் செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் சின்சிட்டின் என்ற புரதம் பழைய வைரஸின் உறைப் புரதம்தான் என்று 2000இல் கண்டார்கள்.

புற்றுநோய்ச் செல்லில் அந்தப் பூட்டுகள் தளர்கின்றன. மெலனோமா என்ற தோல் புற்றுநோய், விரைப் புற்றுநோய் ஆகியவற்றில் எச்.இ.ஆர்.வி.-கே என்ற வகை துடிப்பாகத் தெரிகிறது. நோய்க்கு அது காரணமா, விளைவா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. ‘வைரஸ்தான் குற்றவாளி’ என்று எழுதுகிறவர்கள் அவசரக்காரர்கள் என்பேன். நன்மையும் உண்டு. நுரையீரல் புற்றுநோயில் இந்த வைரஸ் புரதத்தை அடையாளம் கண்டு எதிர்ப்பாற்றல் கட்டியைத் தாக்குவதை லண்டன் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தார் 2023இல் காட்டினார்கள்.

அடுத்த கடிதம் வருமுன் சொல்லிவிடுகிறேன்: கோழிக்குழம்பு சாப்பிட்டால் இது ஒட்டாது.