பாஸா, தனிச்சீட்டா? ஐரோப்பாவில் இரவு ரயில் ஏறும் பனியன்காரர்களுக்கு

2027 செப்டம்பர் 16 முதல் 22 வரை ஜெர்மனியின் ஹானோவரில் ஐட்மா கண்காட்சி. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கூடும் ஜவுளி இயந்திரச் சந்தை அது. 2019-இல் பார்சிலோனா, 2023-இல் மிலான். எந்த ஊரில் நடந்தாலும் நிட்டிங்காரர், சாயப்பட்டறைக்காரர், ஏற்றுமதியாளர் என்று திருப்பூரிலிருந்து ஒரு கூட்டம் கிளம்பும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு, ஐரோப்பியப் பையர்களின் வாசலை நேரில் போய்த் தட்ட வேண்டிய அவசரமும் சேர்ந்துகொண்டது.

கிளம்புகிறவர்களுக்கு முதலில் கிடைக்கும் யோசனை இது: “யூரெயில் பாஸ் எடுத்துக்குங்க. ராத்திரி ரயில்ல தூங்கிட்டே போனா ஹோட்டல் வாடகையும் மிச்சம்.” இதில் பாதிதான் உண்மை.

சேரன் எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஸ்லீப்பர் சீட்டு எடுத்தால் பயணமும் படுக்கையும் ஒரே விலைக்குள் அடங்கிவிடும். பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் செல்லும் யூரெயில் பாஸ் அப்படியில்லை. அது ரயிலில் போகும் உரிமையை மட்டும் தரும். படுக்கைக்குத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்தாக வேண்டும். முன்பதிவு இல்லாமல் பாஸை மட்டும் நீட்டி இரவு ரயிலில் ஏற முடியாது. ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட் வண்டிகளில் உட்காரும் இருக்கைக்குக் குறைவாகவும், நாலு பேரோ ஆறு பேரோ படுக்கும் குஷெட்டுக்கு அதைவிடக் கூடுதலாகவும் கேட்பார்கள். கதவும் கைகழுவும் தொட்டியும் உள்ள ஸ்லீப்பர் அறையைத் தனி ஆளாக எடுத்தால் நூறு யூரோவைச் சாதாரணமாகத் தாண்டும். கூட்டமான நாளில் இந்தக் கூடுதல் கட்டணமும் ஏறும். பாஸ்காரர்களுக்கான படுக்கைகள் தீர்ந்துபோவதும் உண்டு.

ஆகவே கணக்கை இப்படிப் போடுங்கள். இரண்டாம் வகுப்பில், பெரியவர் ஒருவருக்கு, ஒரு மாதத்துக்குள் ஏதாவது 4 நாள் பயணம் செய்யும் பாஸ் சமீப ஆண்டுகளில் 280 யூரோவை ஒட்டி இருந்தது. 7 நாள் பாஸ் 380-ஐ ஒட்டி. முதலாவதில் ஒரு பயண நாளின் அடக்கம் 70 யூரோ, இரண்டாவதில் 54 அல்லது 55. விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும், இடையில் தள்ளுபடியும் வரும். உங்கள் விலையை வைத்து வகுத்துக்கொள்ளுங்கள். அந்த அடக்கத்தோடு படுக்கைக் கட்டணத்தைக் கூட்டி, அதே ரயிலில் படுக்கையோடு சேர்த்து விற்கும் தனிச்சீட்டின் விலையோடு ஒப்பிட வேண்டும். அடக்கம் 55, குஷெட் 50 என்று வைத்தால் 105 ஆகிறது. பல மாதம் முன்னால் தனிச்சீட்டு எடுத்தவர் இதைவிடக் குறைவாகவே கொடுத்திருப்பார். கடைசி வாரத்தில் எடுத்தவர் கூடுதலாகக் கொடுத்திருப்பார். இரவு ரயிலுக்கு மட்டும் என்று பாஸ் எடுத்தால் பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

அப்படியானால் பாஸ் எங்கே லாபம் தருகிறது? அதன் இரவு விதியில். பயண நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. ஆனால் நேரடி இரவு ரயிலில் 12 மணிக்கு முன் ஏறிவிட்டால், மறுநாள் காலை இறங்கும்வரை ஏறிய தேதி ஒன்றுதான் கழியும். அதே தேதியில் பகலெல்லாம் எத்தனை ரயில் ஏறினாலும் அந்த ஒரு நாளிலேயே அடங்கும். நடுராத்திரி தாண்டி வேறு வண்டிக்கு மாறினால் மட்டும் இரண்டாவது நாள் கழியும். 12-க்குப் பிறகு வந்து நிற்கும் வண்டியில் ஏறினாலும் மறுநாள் கணக்குதான். சில ஊர்களில் வண்டி வருவதே அந்த நேரத்தில் என்பதால் அட்டவணையில் இதை முதலில் பாருங்கள். பகலில் ஒரு நீண்ட பயணம், இரவில் படுக்கை, இறங்கிய ஊரில் மறுநாள் முழுக்க வேலை: பாஸிலிருந்து காசைக் கறப்பது இந்த வரிசைதான்.

ஹானோவரையே எடுத்துக்கொள்வோம். விமானம் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்குகிறது. முதல் நாள் அங்கிருந்து ஹானோவர். கண்காட்சி நாட்களில் பாஸைத் தொடவே வேண்டாம். டிராம் அதில் சேராது, உள்ளூர் ரயிலுக்காக ஒரு நாளை எரிப்பதும் மடத்தனம். கண்காட்சி முடிந்ததும் சாய மெஷின் பார்க்க கோஸ்ஃபெல்டில் உள்ள தீஸ் நிறுவனத்துக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் மூன்ஸ்டர் வழியாகப் போய் மாலையில் ஹானோவர் திரும்பி, லாக்கரில் வைத்த பெட்டியை எடுத்துக்கொண்டு, நள்ளிரவுக்கு முன்பே ஹம்பர்க்கிலிருந்து இன்ஸ்புரூக் போகும் நைட்ஜெட்டில் ஏறலாம். இத்தனைக்கும் கழிவது ஒரே நாள். ஒரு ராத்திரி ஹோட்டலும் மிச்சம்; கண்காட்சி வாரத்தில் ஹானோவரில் அறை வாடகை எப்படி எகிறும் என்று போய் வந்தவர்களைக் கேளுங்கள்.

காலையில் இன்ஸ்புரூக். அங்கிருந்து பிரென்னர் கணவாய் வழியே வெரோனா, பிறகு சான்டோனி, லொனாட்டி மெஷின்களின் ஊரான பிரேஷா. இது மூன்றாவது நாள். வேலை முடித்து மிலான், சூரிச் வழியாக ஸ்டுட்கார்ட் போவது நாலாவது. மிலான்–சூரிச் வண்டியில் பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவு கட்டாயம், மறக்க வேண்டாம். ஸ்டுட்கார்ட்டை ஒட்டிய லியோன்பெர்க்கில் ஸ்டென்டர் செய்யும் ப்ரூக்னர் இருக்கிறது. அதற்கு உள்ளூர் ரயில் சீட்டு போதும். கடைசியாக ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையம். “ஐந்து நாள் ஆகிறதே, 5 நாள் பாஸ்?” என்று தோன்றும். வேண்டாம். கடைசிப் பயணத்தின் தேதியை விமான டிக்கெட் எப்போதோ முடிவு செய்துவிட்டது; தூரமும் குறைவு. அதை ஜெர்மன் ரயில்வேயின் முன்பதிவுச் சலுகைச் சீட்டாக எடுத்தால், 4 நாள் பாஸோடு காரியம் முடிகிறது.

இதே பயணத்தின் எல்லாத் தேதியும் மூன்று மாதம் முன்னமே உறுதி என்றால்? அப்போது தனிச்சீட்டின் பக்கமே கணக்கு சாயும். வண்டி தாமதமானால் சலுகைச் சீட்டு வீணாகிவிடுமே என்று பயந்து பாஸ் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் ஓரளவு தேவையற்றது: ஜெர்மன் ரயில்வேயில் போய்ச்சேரும் நேரம் 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் என்றாலே, சலுகைச் சீட்டுக்காரரும் வேறு வண்டியில் போகலாம். ஆனால் தாமதம் ரயிலால் வராமல் பையரால் வந்தால் யாரும் பொறுப்பில்லை. சாம்பிளைப் புரட்டிப் பார்த்துவிட்டு “நாளைக்குக் காலையில் டிசைன் டீமையும் பார்த்துவிட்டுப் போங்களேன்” என்று அவர் சொல்லும் நிமிடத்தில் சலுகைச் சீட்டு குப்பைக்குப் போகிறது. பாஸ் அப்படியே நிற்கிறது. என் கணிப்பில் வியாபாரிக்குப் பாஸின் மதிப்பு விலையில் இல்லை, இந்த நெகிழ்வில் இருக்கிறது. ஆனால் ஒன்று, அந்த இரவுக்கு வாங்கிய படுக்கை முன்பதிவுக்கு இந்த நெகிழ்வு கிடையாது. மாற்றும், ரத்து செய்யும் விதியைக் காசு கட்டும் முன் படியுங்கள்.

ஜெர்மனியை விட்டு வெளியே போகாதவர்களுக்கு இதெல்லாம் எதற்கு? டாய்ச்லாந்து டிக்கெட் என்ற மாதச்சீட்டு இருக்கிறது. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி, 2025-இல் 58, 2026-இல் 63 ஆனது. அதிவேக வண்டியிலும் நைட்ஜெட்டிலும் செல்லாது. ஆனால் நாடு முழுக்க உள்ளூர், வட்டார ரயில், பஸ், டிராம் எல்லாம் அதில் அடக்கம். கண்காட்சிக்கு மட்டும் போகிறவர் ஹானோவருக்குள் அறை தேடி அலையாமல் பிரவுன்ஷ்வைக்கிலோ ஹில்டெஸ்ஹைமிலோ தங்கி இதை வைத்தே தினமும் வந்து போகலாம். இது சந்தா முறை. மாதத்தின் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பணம் போகும்.

ஸ்பெயின், போர்ச்சுகல் பையர்களைப் பார்க்கப் போகிறவர்கள் இரவு ரயிலை மறந்துவிடலாம். மாட்ரிட்–லிஸ்பன் இரவு வண்டி 2020 மார்ச்சில் நின்றது, திரும்பவில்லை. அங்கே விமானம்தான். ஓடும் வண்டியும் நிலையில்லை: பாரிஸ்–வியன்னா நைட்ஜெட் 2025 டிசம்பரோடு முடிந்துபோனது. ஐரோப்பாவில் ஆண்டுதோறும் டிசம்பர் நடுவில் அட்டவணை மாறும். அதைத் தாண்டிய பயணத்துக்குப் போன வருட நண்பரின் அனுபவத்தை நம்பிப் பாஸ் வாங்க வேண்டாம்.

லண்டனுக்கும் இந்தப் பாஸ் செல்லும், யூரோஸ்டாருக்குக் கட்டண முன்பதிவோடு. ஆனால் ஷெங்கன் விசாவில் பிரிட்டனுக்குள் நுழைய முடியாது. அதற்குத் தனி விசா.

சூரிச்சிலோ பாரிஸிலோ இருக்கும் மச்சானைத் துணைக்கு அழைத்துப் போவதாக இருந்தால், அவருக்கு யூரெயில் கிடையாது. ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கு இன்டர்ரெயில் பாஸ். குடியிருக்கும் நாட்டுக்குள் அதில் வெளியே போக ஒருமுறை, திரும்பி வர ஒருமுறைதான் செல்லும். குடும்பத்தோடு போகிறவர்களின் கணக்கு வேறு. 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் பெரியவர் ஒருவருக்கு இருவர் வரை பாஸில் இலவசம், 28 வயது நிறையாதவர்களுக்கும் 60 நிறைந்தவர்களுக்கும் தள்ளுபடி. இரண்டு குழந்தைகளோடு போகும் தம்பதிக்குப் பாஸ் தனிச்சீட்டை வெல்லக்கூடும், படுக்கைக்கு நாலு பேருக்கும் கட்டினாலும்கூட.

படுக்கையில் எதை எடுப்பது? சாம்பிள் பையோடு தனியாகப் போகிறவர் ஆறு பேர் குஷெட்டைத் தவிர்ப்பது நல்லது. பெட்டி வைக்கவே இடம் போதாது. நாலு பேர் குஷெட் நடுத்தரம். புதிய நைட்ஜெட் வண்டிகளில் ஒற்றை ஆள் படுக்கும் சிறு அறைகள் வந்திருக்கின்றன, பூட்டிக்கொள்ளலாம். ஆனால் உயரமானவருக்கும் பருமனானவருக்கும் இடுக்கமாக இருக்கும். பெண்களுக்குத் தனி குஷெட் பெட்டி கேட்டு வாங்கலாம். இருக்கையில் உட்கார்ந்தே இரவைக் கழித்துவிட்டுக் காலையில் பையர் முன்னால் போய் விலை பேசுவதை எந்தச் சிக்கனத்திலும் சேர்க்க முடியாது. காலை உணவு குஷெட்டிலும் ஸ்லீப்பரிலும் உண்டு, பெரும்பாலும் ரொட்டியும் ஜாமும்தான். இரவுச் சாப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுங்கள்.

பாஸ் இப்போது கைப்பேசிச் செயலியில் வருகிறது. ஏறும் முன் அந்தப் பயணத்தைச் செயலியில் சேர்த்து அன்றைய நாளைத் தொடங்கியிருக்க வேண்டும். பாஸில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்க வேண்டும், பரிசோதகர் இரண்டையும் ஒப்பிடுவார். வாங்கிய தேதியிலிருந்து 11 மாதத்துக்குள் பயணத்தைத் தொடங்கலாம் என்பதால், தள்ளுபடி நாளில் வாங்கி வைப்பதில் தவறில்லை. விசா கைக்கு வராமல் தனிச்சீட்டு எதையும் எடுக்காதீர்கள். பாஸின் ஒரு மாதக் கெடு முடியும் நாளில் இரவு ரயிலை வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

ஹானோவர் போகிறவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை இது: பயணத்தின் ஒவ்வொரு துண்டையும் ஒரு தாளில் எழுதி, தேதி உறுதியானவற்றுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். கோடு விழாத நீண்ட பயணங்கள் மூன்றுக்குக் குறைவாக இருந்தால் பாஸ் எடுக்காதீர்கள்.