செயலி வடிவமைப்போம்: அப்பாவின் மாத்திரை சொல்லித் தந்த பாடம்



போன ஆண்டு கல்லூரியில் எனக்கு ஒரு திட்டப்பணி. ஏதாவது ஒரு செயலியை வடிவமைக்க வேண்டும். அப்பாவுக்காகச் செய்யலாம் என்று உடனே முடிவெடுத்தேன். அவருக்கு எட்டு ஆண்டுகளாக நீரிழிவு. வீட்டில் 'இனிப்பு நீர்' என்போமே, அதுதான். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இது உண்டு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். ஆக, இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை.

என் முதல் வடிவம் பார்க்க அழகாக இருந்தது. காலை 8-க்கும் இரவு 8-க்கும் மணி அடிக்கும். 'போட்டாச்சு' என்று ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் அந்த நாள் பச்சை, அழுத்தாவிட்டால் சிவப்பு. மூன்று மாதமும் அப்பாவின் திறன்பேசியில் ஒரே பச்சை! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு அரசாங்கக் கிளினிக்கில் எச்பிஏ1சி பரிசோதனை எடுத்தார்கள். கடந்த இரண்டு மூன்று மாதங்களில் இரத்தத்தில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்பதை அது காட்டிவிடும். பலருக்கு 7 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் நல்லது என்பார்கள். அப்பாவுக்கு 9.4. டாக்டர் மருந்தின் அளவைக் கூட்ட யோசித்தார். நான் செயலியைக் காட்டி, "ஒரு வேளைகூட விடல, டாக்டர்" என்றேன்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "இல்ல டாக்டர். வேலை நேரத்துல அது கத்திக்கிட்டே இருக்கும். அமுக்கினாத்தான் நிக்கும். சிவப்பு வந்தா பிள்ளை வருத்தப்படும்னு அமுக்கிட்டேன்."

நல்லவேளை, அப்பா வாய் திறந்தார். இல்லாவிட்டால், போடாத மாத்திரையைப் போட்டதாக நம்பி மருந்தைக் கூட்டியிருப்பார்கள். அதற்கு என் செயலிதான் சாட்சி சொல்லியிருக்கும்.

தப்பு அப்பாவிடம் இல்லை, என் வடிவமைப்பில்தான். அவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மெட்பார்மின் மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றைப் பிரட்டும். என் செயலி மணி அடிக்கும் 8 மணிக்கு அவர் ஒன்று பேருந்தில் இருப்பார், அல்லது தூக்கத்தில் இருப்பார்.

இரண்டாவது முறை செய்தபோது நான் கற்றுக்கொண்டவை இவை:

1. முதலில் கவனியுங்கள். ஒரு வாரம் அப்பா எப்போது சாப்பிடுகிறார், எப்போது தூங்குகிறார் என்று எழுதி வைத்தேன். பிறகு திரைகளைக் காகிதத்தில் வரைந்து அவரிடமே கொடுத்தேன். அவர் விரல் தடுமாறிய இடத்தையெல்லாம் மாற்றினேன்.

2. கடிகாரத்தைவிட பழக்கத்தைப் பிடியுங்கள். இப்போது செயலி, "இந்த வாரம் பகல் ஷிப்டா, இரவு ஷிப்டா?" என்று கேட்கிறது. அதற்கேற்ப அவர் சாப்பிடும் நேரத்தில்தான் நினைவூட்டுகிறது.

3. உண்மை சொல்ல இடம் கொடுங்கள். 'போட்டாச்சு', 'பிறகு', 'விட்டுப்போச்சு' என மூன்று பொத்தான்கள். சிவப்பு நிறமே கிடையாது. 'விட்டுப்போச்சு' என்றால் காரணத்தைக் கேட்கும்: மறதியா, வயிறு சரியில்லையா, மருந்து தீர்ந்துவிட்டதா? கூடவே, "விட்டதற்கும் சேர்த்து இரண்டு மடங்கு போட வேண்டாம்" என்று சொல்லும். மருந்தின் அளவை மாற்றச் செயலி ஒருபோதும் சொல்லாது. அது டாக்டர் வேலை.

4. தேவையான தகவலை மட்டும் கேளுங்கள். நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நிலை பற்றிய விவரங்களை உணர்வுமிக்க தரவு என்கிறது. அதனால் எல்லாம் அப்பாவின் திறன்பேசியிலேயே இருக்கும். நான் பார்க்க வேண்டுமென்றாலும் அவர் அனுமதி வேண்டும்.

போன மாதம் அப்பா தானாகவே காட்டினார். ஐந்து வேளை 'விட்டுப்போச்சு'. அந்தப் பச்சை மாதங்களைவிட இந்த ஐந்துதான் எனக்கு மகிழ்ச்சி. ஏனென்றால், இதை டாக்டரிடம் நம்பிக் காட்டலாம்.

இந்த வாரப் பயிற்சி: உங்கள் வீட்டில் தினமும் மருந்து சாப்பிடும் ஒருவரிடம், "எந்த வேளை மருந்து அடிக்கடி விட்டுப்போகுது? ஏன்?" என்று கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள். வரும் பதிலை வைத்து ஒரே ஒரு திரையைக் காகிதத்தில் வரைந்து, அவரிடமே காட்டுங்கள். கணினியை அப்புறம் திறக்கலாம்.