காற்று மறைவும் பனிச்சரிவும்

முன்னுரை

உதகையிலிருந்து இத்தலார், எமரால்டு வழியே செல்லும் சாலை அவலாஞ்சியை அடைகின்றது. அவலாஞ்சி என்பது பனிச்சரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபாகும். உறைபனியன்றி வெண்பனி பொழியாத இம்மலையில் அப்பெயர் வழங்கக் காரணம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு நிகழ்ந்த பெரும் மண்சரிவே என்பர். பெயர் இங்கிருக்க, பெயர் குறிக்கும் பொருளோ இமயத்தில் உள்ளது.

எனினும் அப்பொருள் நமக்கு அயலானதன்று. 2016 பிப்ரவரி 3ஆம் நாள், சியாச்சினில் 19,600 அடி உயரத்திலிருந்த மதராஸ் ரெஜிமெண்டின் காவல் முகாமைப் பனி மூடியது. உயிர் நீத்த பதின்மருள் நால்வர் தமிழகத்தார். அந்த ரெஜிமெண்டின் மையம் நம் வெலிங்டனில் உள்ளது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

சரிவின் இயல்பு

மலைப்பனி அடுக்கடுக்காகப் படிவது. கீழடுக்கு சர்க்கரை மணிகள் போல் பிணைப்பின்றி இருக்க, மேலடுக்கு பலகை போல் இறுகுமாயின், சிறு சுமையும் அப்பலகையைப் பெயர்த்துவிடும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளிலேயே இது மிகுதி. நம் மலையில் பாறைமேல் படிந்த மண் மழைநீரால் கனத்து நழுவுவதும் ஏறத்தாழ இத்தகையதே. 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இங்கு மழை ஏற்றும் சுமையை அங்குப் பனிப்பொழிவும் காற்றும் ஏற்றுகின்றன.

காற்றின் செயல்

வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை எனக் காற்று தோன்றும் திசை கொண்டே நம் முன்னோர் பெயரிட்டனர். பனிமலை ஏறுவோர்க்கும் இவ்வறிவே முதற்பாடம். வாடை வீசின், வடசரிவின் பனி பெயர்ந்து முகடு தாண்டித் தென்சரிவில் குவியும். வானம் தெளிந்திருப்பினும் சில மணி நேரத்தில் சுமை பன்மடங்காகும். குளிர்காற்றுக்கு அஞ்சுவோர் ஒதுங்க விரும்புவது அம்மறைவிடத்தையே. அபாயம் மிகுந்ததும் அவ்விடமே!

அறியும் வழி

முகட்டில் கூரை போல் நீண்டு தொங்கும் பனி, அது நீண்டுள்ள பக்கமே சுமையேறிய பக்கம் என்பதைக் காட்டும். காலடியில் முரசொலி எழுதலும், விரிசல் ஓடுதலும் உடனே திரும்புக என்னும் எச்சரிக்கைகளாம். ஐயம் தீரப் பாதுகாப்பான இடத்தில் குழி தோண்டி, 30 செ.மீ. சதுரத் தூண் ஒன்றைப் பிரித்தெடுத்து, அதன்மேல் மண்வாரியை வைத்து மணிக்கட்டால் பத்து முறையும், முழங்கையால் பத்து முறையும், தோளால் பத்து முறையும் தட்டுவர். முதல் தட்டல்களிலேயே தூண் நழுவின், அச்சரிவை நம்பலாகாது. நழுவாமை ஒன்றே பாதுகாப்புக்குச் சான்றாகாது என்பதும் அறியத்தக்கது.

முடிவுரை

காற்று ஓய்ந்தபின்னும் அது ஏற்றிய சுமை ஓய்வதில்லை. மலையேற்றத்திற்கும் படைப்பணிக்கும் வடதிசை செல்லும் நம் மாணவர், அமைதியான சரிவைக் கண்டு மயங்காது, நேற்று வீசிய காற்று எத்திசையது என வினவுதல் வேண்டும். அவ்வினா ஓர் உயிரைக் காக்கும்.